எதிர்வாதத்துக்கு ஒரு பத்தி

என் கணவரின் அக்காவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வைத்திருக்கும் பெயர் ‘கஞ்சி மேடம்’. அவர் காதுபட யாரும் சொல்வதில்லை. சீருடையின் காலர் கழுத்தை அறுத்துவிடும் போல விறைத்து நிற்கும்; மனுஷியும் அப்படித்தான். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். பதினாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். எங்களுக்குள் வராத சண்டை கிடையாது. ஆனால் எந்தச் சண்டையும் அடுத்த வேளைச் சாப்பாட்டைத் தாண்டியதும் கிடையாது.

அவர் ஒரு நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதிய கதையைத்தான் சொல்லப்போகிறேன். கட்டுரைதானே, அதில் என்ன கதை என்று கேட்பவர்கள் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்தியையாவது தட்டச்சு செய்து பார்க்க வேண்டும். நான் கல்லூரிக்கு எதிரே இருக்கும் நகலெடுக்கும் கடையில் தட்டச்சு வேலை பார்க்கிறவள். ஆய்வேடு, வேலை விண்ணப்பம், விவாகரத்து மனு எல்லாம் என் விரல் வழியாகப் போயிருக்கிறது. யாரிடமும் இவ்வளவு பட்டதில்லை. ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால்கூட அந்தத் தாள் செல்லாது. பேனாவால் அடித்துத் திருத்திய தாளை அண்ணி கையால் தொடமாட்டார். முழுப் பக்கத்தையும் மறுபடி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

சலவைக்கூடம் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு சுவர். துவைக்கும் இயந்திரங்களை அந்தச் சுவருக்குள்ளேயே பதித்திருப்பார்கள்; இந்தப் பக்கக் கதவைத் திறந்து அழுக்குத் துணியைப் போட்டால், அந்தப் பக்கக் கதவைத் திறந்து துவைத்ததை எடுக்கலாம். அழுக்குப் பக்கத்தில் நிற்பவர் சுத்தப் பக்கத்துக்கு வர வேண்டுமென்றால் குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் வரலாம். அண்ணி இருபத்தேழு வருடமாகச் சுத்தப் பக்கம். துணி மடிப்பவராகச் சேர்ந்து, மேற்பார்வையாளராகி, பழைய பொறுப்பாளர் ஓய்வு பெற்றபின் இரண்டு வருடமாக அவருடைய நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தாரே தவிர நாற்காலி அவருடையது ஆகவில்லை. நிரந்தரமாக வேண்டுமென்றால் பட்டம் வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அண்ணி விடுவாரா? அஞ்சல் வழிப் படிப்பில் ஏற்கெனவே சேர்ந்திருந்தவர், ஒற்றைக் காலில் நின்று எல்லாத் தாள்களிலும் தேறிவிட்டார். இலக்கியத் தாள் ஒன்றுதான் பாக்கி. அதில் பாதி மதிப்பெண் ஒரே ஒரு கட்டுரைக்கு. வருடக் கடைசிக்குள் அது தேறாவிட்டால் அந்த நாற்காலிக்கு வெளியாள் வருவார். அண்ணி மறுபடி மேற்பார்வையாளர்.

பாடத்தில் வைத்திருந்த நாவல் இருநூறு பக்கம். ஒரு பெரிய வீடு, அதில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் வெள்ளைப் பட்டு உடையைத் தேய்த்து வைக்க வேண்டியது ஒரு பணிப்பெண்ணின் வேலை. கல்யாணத்தன்று காலையில் எடுத்துப் பார்த்தால் உடையில் பழுப்புக் கறை. வேண்டுமென்றே சுட்டுவிட்டாள் என்று அவளைத் துரத்திவிடுகிறார்கள். அவள் வாயே திறக்காமல் படகேறிப் போய்விடுகிறாள். கதையைச் சொல்வது மணப்பெண்ணின் தங்கை. அந்தச் சமயம் அவளுக்கு எட்டு வயது. ‘இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் வைத்துவிட்டு அவள் சும்மா நின்றாள், நான் பார்த்தேன்’ என்று அம்மாவிடம் சொன்னது அவள்தான். கேள்வி இது: “பணிப்பெண் பொறாமையால்தான் உடையைச் சுட்டாள். இக்கூற்றை ஏற்றோ மறுத்தோ, நாவலிலிருந்து சான்று காட்டி வாதிடுக.”

எங்கள் கடையிலேயே நோட்ஸ் விற்கிறோம். பொறாமைதான் என்று நான்கு காரணத்தோடு விடை அதில் தயாராக இருக்கிறது. நானே நாற்பது பேருக்கு அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

“இத அப்படியே எழுதிக் குடுத்திருங்க அண்ணி. பாஸ் பண்ணா போதும் நமக்கு” என்றேன்.

“அவ சுடல.”

“யாரு?”

“அந்தப் பொண்ணு. பதினோராம் அத்தியாயத்தப் படி. கழுத்தோரத்துல, மணிக்கட்டுல, பொட்டுப் பொட்டா கறைன்னு போட்டிருக்கு. இஸ்திரிப் பெட்டி சுட்டா பொட்டுப் பொட்டாவா விழும்? பெட்டியோட மூக்கு அப்படியே பதியும். இது சூட்டுக் கறையே இல்ல.”

என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “அக்கா, கதைல வர்ற துணியெல்லாம் நீ துவைக்கப் போகாத” என்றார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தார். செய்தித்தாள் மறுபடி உயர்ந்துகொண்டது.

அண்ணி எழுதிய முதல் கட்டுரையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். மனசு சரியில்லாத நாளில் எடுத்துப் படித்தால் சிரிப்பு வரும். இருபத்தேழு வருடத்தில் அவர் எழுதியதெல்லாம் சம்பவ அறிக்கைகள்தான். கை அந்த வழியிலேயே போய்விட்டது. ‘பொருள்: பட்டு உடை, ஒன்று. நிறம்: வெள்ளை. சம்பவ இடம்: மாடி இஸ்திரி அறை. சேதத்தின் தன்மை: பழுப்புப் புள்ளிகள், ஏறத்தாழ பதினான்கு’ என்று ஆரம்பித்தது. அடுத்த நான்கு பக்கமும் பட்டுத் துணியை எந்தச் சூட்டில், எப்படித் தேய்க்க வேண்டும் என்ற பாடம். நாவலில் ஒரு வரிகூட எடுத்துக் காட்டவில்லை. கடைசித் தலைப்பு, ‘எதிர்காலத்தில் தவிர்க்கும் வழிகள்’. நான் சொன்னால் கேட்கமாட்டார் என்று வாயை மூடிக்கொண்டு அடித்துக் கொடுத்தேன்.

எங்கள் கடைக்கு எதிரே கல்லூரியில் இருந்த படிப்பு மையத்தில் அந்தத் தாளை நடத்தியவர் அண்ணிக்குத் தம்பி வயது. மாணவர்கள் மனம் நோகக்கூடாது என்று எல்லாவற்றையும் பென்சிலால்தான் எழுதுவார். அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயர் பென்சில். கட்டுரை திரும்பி வந்தபோது ஓரத்தில் மெல்லிய எழுத்தில் இருந்தது: ‘சலவை பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன், நன்றி. நாவலில் எங்கே?’ அதற்குக் கீழே, தேறவில்லை. ஒரே ஒரு முறை திருத்தி எழுதித் தரலாம், ஆறு வாரம்.

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நேராக அவரிடம் போய் நின்றார். கடை எதிரேதான் என்பதால் நானும் கூடப் போனேன். அண்ணி தனியாகப் போனால் சண்டை வரும் என்று பயம்.

“நான் எழுதினது தப்பா சார்?”

“தப்புன்னு சொல்லல மேடம். சரியாவே இருக்கலாம். ஆனா எனக்கு எப்படித் தெரியும்? நான் சலவை வேலை பார்த்ததில்ல. உங்களுக்கு எவ்வளவு அனுபவம் இருந்தாலும், படிக்கிறவன் கையில நாவல் ஒண்ணுதான் இருக்கு. அதுக்குள்ள காட்டுங்க.”

“காட்டிட்டா?”

“காட்டினாலும் பாதி வேலைதான். உங்களுக்கு எதிரா இருக்கறதுலயே பலமான சான்று எதுவோ, அதுக்கு ஒரு பத்தி ஒதுக்கணும். எதிர்வாதம். அந்தச் சின்னப் பொண்ணு ‘நான் பார்த்தேன்’ங்கறாளே? அவளுக்குப் பதில் சொல்லாம நீங்க ஜெயிக்க முடியாது.”

வீடு திரும்பும் பேருந்திலேயே அண்ணி நாவலைத் திறந்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அந்தப் புத்தகம் சாப்பாட்டு மேசையிலிருந்து நகரவில்லை. வெவ்வேறு நிற நூலை வெட்டிப் பக்கங்களுக்கு நடுவே வைத்திருந்தார். கிழிந்த விரிப்பை அடையாளம் வைக்க அவர்கள் பயன்படுத்தும் அதே நூல். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம். விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓடினேன்.

“கிடைச்சிருச்சு! நாலாம் அத்தியாயம்! கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி அம்மாக்காரி உடையப் போட்டுப் பார்க்கச் சொல்றா. கழுத்துலயும் மணிக்கட்டுலயும் வாசனைத் தைலம் தடவி விடறா. அப்படியே கழட்டி மடிச்சுப் பெட்டில வெக்கறா. தொடைக்கவே இல்ல!”

“அதனால?”

“மக்கு. தைலம் பட்டுல ஊறி உள்ளயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சூடு பட்டதும் பழுப்பா வெளிய வரும். கறை எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் தைலம் இருந்திருக்கு. கெடுத்தது அம்மாக்காரி. பழி வேலைக்காரிக்கு!”

அந்த நாற்பத்தொன்பது வயது மனுஷி அன்றைக்குக் குதித்த குதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மதியத்துக்குள் மூன்று பக்கம் சொல்லி முடித்தார். நாவலின் வரி, பக்க எண், அதிலிருந்து என்ன தெரிகிறது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. எனக்கே படிக்க விறுவிறுப்பாக இருந்தது. எதிர்வாதப் பத்தி மட்டும் பாக்கி.

அதில்தான் அண்ணி நின்றுவிட்டார். அடுத்த ஞாயிறு அலமாரியைத் துடைத்தார். அதற்கடுத்த ஞாயிறு போர்வைகளுக்கு வெயில் காட்டினார். நான் கணினியைத் திறந்தால் அவருக்கு வேறு வேலை வந்துவிடும். கெடு வெள்ளிக்கிழமை என்றிருக்க, முந்தின ஞாயிறு மதியம் நான் பொறுமை இழந்தேன்.

“என்ன அண்ணி இது, மூணு பக்கம் மளமளன்னு வந்துச்சு. இந்த ஒரு பத்திக்கு இவ்வளவு அலட்டலா? சின்னப் பொண்ணு பொய் சொல்லுச்சுன்னு ஒரு வரி போட்டு முடிங்க.”

“அவ பொய் சொல்லல.” குரலில் வெடிப்பு இருந்தது. “பார்த்ததாத்தான் அவ நினைச்சா.”

“சரி, அதையே சொல்லுங்க. அடிக்கறேன்.”

அண்ணி என் எதிரே உட்கார்ந்தார். நாவலைத் திறக்கவில்லை. மேசை விரிப்பின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே, வழக்கமான எழுத்து நடையில் சொல்ல ஆரம்பித்தார். நான் திரையைப் பார்த்து அடித்துக்கொண்டு போனேன்.

‘சிறுமி மாடிப்படியில் நின்றதாக ஏழாம் அத்தியாயம் சொல்கிறது. அங்கிருந்து இஸ்திரி அறையின் பாதிதான் தெரியும். அவள் பார்த்தது பணிப்பெண்ணின் முதுகை. கை அசையவில்லை, அவ்வளவுதான். நீ பார்த்தாயா என்று அம்மா கேட்டபோது, அந்த வீட்டில் எல்லோருக்கும் கறைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பார்த்தேன் என்று சிறுமி சொன்னதும் எல்லோருக்கும் நிம்மதி. முதுகை மட்டும் பார்த்தவள் மற்றதையும் பார்த்ததாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அதையே நம்பத் தொடங்கினாள். கையில் போன் இருந்தது என்று சொன்னதும் அப்படித்தான்.’

என் விரல் நின்றது.

“அண்ணி, நாவல்ல போன் ஏது?”

நான் திரும்பிப் பார்த்தேன். அழவில்லை. ஆனால் அந்த விறைத்த காலருக்கு மேலே முகம் மட்டும் துவண்டு போயிருந்தது.

“ரோலர ஞாபகம் இருக்கா?” என்றார்.

இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் சுத்தப் பக்கத்தில் ஒரு பெண் வேலை பார்த்தாள். ஈர விரிப்பை ஒரு முனையில் கொடுத்தால் சூடான உருளைகளுக்கு நடுவே ஓடி, தேய்த்து மறுமுனையில் தள்ளும் பெரிய இயந்திரம் அவள் பொறுப்பு. அதனால் அவளுக்கே ரோலர் என்று பெயர். ஒருநாள் அறுவை அரங்கத்து விரிப்புகள் ஒரு கட்டு முழுக்கப் பழுப்பு பழுப்பாக வெளியே வந்தன. சூட்டைக் கவனிக்காமல் கருக்கிவிட்டாள் என்று விசாரணை நடந்தது. மேற்பார்வையாளர் என்ற முறையில் அண்ணியைக் கேட்டார்கள். இயந்திரத்தை விட்டுவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தாள், நான் பார்த்தேன் என்று அண்ணி எழுதிக் கொடுத்தார். ரோலருக்கு வேலை போயிற்று.

“நான் துணி வண்டிக்குப் பின்னாடி நின்னேன். அவ முதுகுதான் தெரிஞ்சுது. கை காதுகிட்ட இருந்துச்சு. போன்தான்னு நினைச்சேன். அவங்க கேட்டதும் போன்னே சொல்லிட்டேன்.”

“அது நிஜமாவே போனா இருந்திருக்கலாமே?”

“விரிப்புல கறை எப்படி இருந்துச்சு தெரியுமா? தெறிச்ச மாதிரி. திட்டுத் திட்டா. உருளை கருக்கினா பட்டை பட்டையா வரும். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் அன்னிக்கு என் மூளைக்கு எட்டல. இந்தப் பாழாப்போன நாவல்ல பொட்டுப் பொட்டான்னு படிச்ச உடனே எட்டுது.”

சம்பவம் நடந்து இரண்டு வருடம் கழித்து ஒரு சுற்றறிக்கை வந்ததாம். அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியின் தோலில் தடவும் மருந்து ஒன்று விரிப்பில் பட்டிருந்து, அந்த விரிப்பை பிளீச் போட்டுத் துவைத்தால், சூட்டில் தேய்க்கும்போது போகாத பழுப்புக் கறை வெளியே வரும். ஆகவே அரங்கத்துத் துணிக்கு இனி பிளீச் கூடாது. அண்ணிதான் அதில் கையெழுத்துப் போட்டு, சுவரில் ஒட்டினார்.

“எங்க ஒட்டினேன் தெரியுமா? நான் இப்ப உட்கார்ற நாற்காலிக்குப் பின்னாடி. ஏழு வருஷமா அங்கதான் இருக்கு. ரெண்டு வருஷமா என் தலைக்கு மேலயே.”

எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. வேலை போன வாரம் ரோலர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தது நான். ‘மேடத்தப் பார்க்கணும், ஒரே ஒரு நிமிஷம்’ என்றாள். அண்ணி உள்ளறையிலிருந்து கையை ஆட்டினார். வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அண்ணியின் செருப்பு வாசலிலேயே கிடந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

இருந்தாலும் நான் நடைமுறை பார்க்கிறவள். “போன்ங்கற வரிய எடுத்துடறேன். கட்டுரையக் குடுப்போம், பாஸ் ஆகட்டும், பதவி கைக்கு வரட்டும். அப்புறம் நிர்வாகத்துக்கு எழுதலாம். இப்ப எழுதினா, பொய்ச் சாட்சி சொன்னவளுக்கா பதவின்னு கேப்பாங்க அண்ணி.”

“அப்புறம்னா எப்ப? அடுத்த சுற்றறிக்கை வந்த பிறகா?”

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கட்டுரையிலிருந்து அந்த ஒரு வரியை எடுக்கச் சொன்னார். பத்தியின் மற்ற வரிகள் அப்படியே இருந்தன.

திங்கட்கிழமை அண்ணி கிடங்கு அறையில் இரண்டு மணி நேரம் தூசி தின்றார். சலவைக்கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் பெட்டியில் வைத்துப் பூட்டி, ஏட்டில் கையெழுத்துப் போட வேண்டும். விசாரணையில் ரோலர், “என் போன் வாசல்ல இருந்துச்சு” என்று சொன்னாளாம். மேற்பார்வையாளரே பார்த்தேன் என்கிறபோது ஏட்டை எதற்குப் புரட்ட வேண்டும் என்று ஒருவரும் புரட்டவில்லை. அண்ணி புரட்டினார். அந்தத் தேதி, ரோலரின் கையெழுத்து: காலை ஏழு ஐம்பதுக்கு ஒப்படைத்தது, மாலை நாலு பத்துக்குத் திரும்பப் பெற்றது. கறை விழுந்தது பதினோரு மணிக்கு.

அன்று மாலை என்னிடம் ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். நிர்வாகத்துக்கு. பென்சில் சொல்லிக்கொடுத்த அதே கட்டுரைதான். பணியாளர் விரிப்புகளைக் கருக்கவில்லை என்பது முதல் வரி. கறையின் வடிவம், சுற்றறிக்கையின் எண், போன் ஏட்டின் பக்கம் எல்லாம் வரிசையாக. அதன் பிறகு ஒரு பத்தி: ‘மேற்பார்வையாளர் நேரில் பார்த்ததாகச் சொன்னாரே என்று கேட்கலாம். அந்த மேற்பார்வையாளர் நான். நான் பார்த்தது முதுகை மட்டும்.’ பணிப்பதிவில் இருக்கும் குற்றத்தை நீக்க வேண்டும், வேலையைத் திரும்பத் தர வேண்டும் என்று முடித்திருந்தார். கையெழுத்துப் போடவில்லை. அவளிடம் காட்டாமல் போடமாட்டேன் என்றார்.

பதவிக் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன், அதற்காக யாரும் காத்திருக்க வேண்டாம். கட்டுரை நல்ல மதிப்பெண்ணோடு தேறியது. எதிர்வாதப் பத்தியின் ஓரத்தில் பென்சில், ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று எழுதியிருந்தார். பட்டமும் வந்தது. நிர்வாகம் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு அண்ணியை இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தது. ரோலர் மேலிருந்த குற்றத்தை நீக்கி உத்தரவு போட்டது. நாற்காலிக்கு வெளியிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்தது. அண்ணி இன்றைக்கும் மேற்பார்வையாளர்தான். எனக்கு அதில் இன்னும் ஆற்றாமை உண்டு. அவருக்கு இருக்கிறதா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

கடிதம் கொடுப்பதற்கு முந்தின நாள் நாங்கள் இரண்டு பேரும் ரோலரைத் தேடிப் போனோம். நீயும் வா என்றார் அண்ணி. ஏன் என்று நான் கேட்கவில்லை. சந்தைக்கு அப்பால் ஓர் உலர்சலவைக் கடையில் இருந்தாள். குறுகலான கடை. மேலே கம்பியில் கண்ணாடித்தாள் போர்த்திய கோட்டுகள், கீழே நீராவி இஸ்திரி மேசை. அண்ணியைப் பார்த்ததும் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு நின்றாள். உட்காரச் சொல்லவில்லை. உட்கார இடமும் இல்லை.

அண்ணிக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேராக விஷயத்துக்கு வந்திருக்கலாம். மனுஷி நாவலைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்! பெரிய வீடு, கல்யாணம், வெள்ளை உடை, வாசனைத் தைலம், மாடிப்படி. எனக்கு அவர் இடுப்பில் கிள்ள வேண்டும் போல இருந்தது. ரோலர் கையைக் கட்டிக்கொண்டு முழுதும் கேட்டாள். நடுவில் ஒரு வாடிக்கையாளர் வந்து கோட்டை வாங்கிக்கொண்டு போனார். அண்ணி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எட்டு வயதுச் சிறுமி முதுகை மட்டும்தான் பார்த்தாள் என்ற இடம் வந்ததும் குரல் உடைந்தது.

“அது நான்தான். உன் கையில போன் இல்ல. நான் பார்க்கல. பார்த்தேன்னு சொன்னேன்.”

ரோலர் கட்டியிருந்த கையைப் பிரித்தாள்.

“காதுல பஞ்சு வெச்சுக்கிட்டிருந்தேன் மேடம். அந்த மெஷின் சத்தத்துக்கு. விசாரணையில சொன்னேனே.”

“எனக்குத் தெரியாது. என்கிட்ட யாரும் சொல்லல.”

“நீங்க கேக்கலையே.”

அண்ணி கடிதத்தை நீட்டினார். ரோலர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கி, நின்றபடியே படித்தாள். மெதுவாகப் படித்தாள்.

“வேலையத் திரும்பத் தரணும்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா. கண்டிப்பாக் கேப்பேன்.”

“அந்தக் கதைல, படகுல போன பொண்ணு திரும்பி வர்றாளா?”

“இல்ல.”

“நானும் வரல. அந்த வரிய எடுத்துடுங்க. மத்தது இருக்கட்டும். என் பேர்ல இருக்கறது போனா போதும்.”

சரி என்பது போல் அண்ணி தலையாட்டினார். கடிதத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். ரோலர் கொடுக்கவில்லை. மறுபடி மேலே போய் ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“இருபத்திரண்டு விரிப்புன்னு போட்டிருக்கு.”

“அறிக்கைல அப்படித்தான் இருக்கு. நானே எண்ணி எழுதினது.”

“பத்தொன்பது. மூணு ஏற்கெனவே கிழிஞ்சது, கழிக்கறதுக்காக மூலையில வெச்சிருந்தது. அதையும் தூக்கி என் தலையில போட்டுட்டீங்க. கறை பட்டது பத்தொன்பதுதான் மேடம். நான் ஒண்ணொண்ணா எண்ணினேன்.”

ஒன்பது வருடம். அந்த எண்ணை அவள் அத்தனை நாளும் வைத்திருந்திருக்கிறாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் சீட்டு எழுதும் பேனாவைக் காதோரத்திலிருந்து எடுத்தாள். இருபத்திரண்டை அடித்தாள், பக்கத்தில் பத்தொன்பது என்று எழுதினாள். வேலை கேட்டிருந்த வரியையும் ஒரு கோடு இழுத்து அடித்தாள். பேனாவை அண்ணியிடம் நீட்டினாள்.

“இப்பக் கையெழுத்துப் போடுங்க.”

அண்ணி இஸ்திரி மேசையின் ஓரத்தில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து வரும்போது, “குடுங்க அண்ணி, போற வழியில கடையத் திறந்து புதுசா அடிச்சுத் தந்துடறேன். அஞ்சு நிமிஷ வேலை” என்றேன். ஒரு காற்புள்ளிக்காக முழுப் பக்கத்தைத் திரும்ப எடுக்கச் சொல்கிறவர் ஆயிற்றே. அண்ணி தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துப் பையை மூடினார். “வேண்டாம், இப்படியே இருக்கட்டும்” என்றார். மறுநாள் காலை, இரண்டு அடித்தலோடும் வேறொருத்தியின் கையெழுத்தில் இருந்த அந்த எண்ணோடும், அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார்.